கருப்பட்டி, தேன், பழச்சாறு: ‘இயற்கை இனிப்பு’ நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றதா?

நீரிழிவு நோய் இருப்பது உறுதியானவுடன் பல இல்லங்களில் முதலில் நிகழும் மாற்றம் ஒன்றே. வெள்ளைச் சர்க்கரை டப்பா சமையலறையிலிருந்து அகற்றப்படுகிறது. அவ்விடத்தில் கருப்பட்டியோ, நாட்டுச் சர்க்கரையோ, தேன் பாட்டிலோ வந்து சேர்கிறது. காப்பியின் இனிப்பு மட்டும் குறைவதில்லை. மூன்று மாதங்களுக்குப் பின் எச்பிஏ1சி பரிசோதனை செய்யும்போது அளவு இறங்காதிருப்பதைக் கண்டு, “சர்க்கரையைத் தொடுவதே இல்லையே” என்று நோயாளர் வியப்படைகிறார். அவர் கூறுவது உண்மைதான். ஆயினும் அவர் அன்றாடம் அருந்தும் கருப்பட்டிக் காப்பி, சர்க்கரைக் காப்பி செய்த வேலையையே அவரது இரத்தத்தில் செய்துகொண்டிருக்கிறது.

இயற்கையான உணவு, பதப்படுத்தப்பட்ட இனிப்பு உணவைவிட நல்லதா என்னும் கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்துள்ளன. முழுத் தானியம், பருப்பு, காய்கறி, கீரை, பழம் ஆகியவை பிஸ்கட், குளிர்பானம், பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றைவிட உடலுக்கு நல்லவையா என்றால், ஐயமின்றி நல்லவை. இயற்கையிலிருந்து கிடைக்கும் இனிப்பு, ஆலையிலிருந்து வரும் இனிப்பைவிட நீரிழிவுக்குப் பாதுகாப்பானதா என்றால், இல்லை. முதல் விடையை இரண்டாவது கேள்விக்கும் பொருத்திக்கொள்வதால்தான் பலருக்குச் சிகிச்சை பயனளிக்காமல் போகிறது.

பெயர் வேறு, பொருள் ஒன்று

வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ் எனப்படும் வேதிப்பொருளால் ஆனது. கரும்பு வெல்லத்திலும் அதைத் தூளாக்கிய நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். எஞ்சியதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கணிசமாக உள்ளன. பனையிலிருந்து இறக்கும் பதநீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சர்க்கரை உண்டு. அதைக் காய்ச்சி நீரை வற்றச் செய்தால் கிடைப்பது கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியின் மணமும் சுவையும் தனிச்சிறப்பு உடையவை என்பதில் மறுப்பில்லை. ஆனால் கணையத்துக்கு மணம் தெரியாது. குடலில் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்தபின், அது கரும்பிலிருந்து வந்ததா, பனையிலிருந்து வந்ததா என்று உடல் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

தேனிலும் இதே நிலைதான். அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு சர்க்கரைகள். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். சர்க்கரையைவிடச் சற்றுக் கூடுதலாக இனிப்பதால் குறைவாகச் சேர்த்தாலே போதும் என்பது மட்டுமே தேனுக்குச் சாதகமாகக் கூறத்தக்கது. அவ்வாறு குறைத்துச் சேர்ப்பவர்கள் சிலரே.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் இதனைத் தெளிவாக வரையறுக்கிறது. உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரையோடு தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் ஒரே பட்டியலில் வைத்து, இவை அனைத்தும் சேர்ந்து நாளொன்றுக்குப் பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள் நிற்பது மேலும் நன்மை தரும் என்றும் அது கூறுகிறது. 2,000 கலோரி உண்பவருக்கு 5 விழுக்காடு என்பது 25 கிராம். நீரிழிவு இல்லாதவர்களுக்கும் பொருந்தும் அளவு இது. நாளொன்றுக்கு மூன்று காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி கருப்பட்டித் தூள் என்று கொண்டால், ஒரு தேக்கரண்டி 5 கிராம் வீதம் 30 கிராம் ஆகிவிடுகிறது. காலை உணவு முதல் இரவு உணவு வரை வேறு எந்த இனிப்பும் உண்ணாத நாளின் கணக்கு இது.

கருப்பட்டியிலும் வெல்லத்திலும் இரும்புச்சத்து உள்ளது என்பது உண்மை. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். 100 கிராம் வெல்லத்தில் சில மில்லிகிராம் இரும்புச்சத்தே உண்டு. ஒரு தேக்கரண்டியில் கிடைப்பது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயதுவந்த பெண் ஒருவருக்கு நாள்தோறும் 29 மில்லிகிராம் தேவை. கீரையை 100 கிராம் அளவில் ஒரு வேளையில் எளிதாக உண்ணலாம். வெல்லத்தை அந்த அளவில் உண்பது நீரிழிவு உள்ளவருக்குப் பெருந்தீங்கு. இரத்தசோகையும் நீரிழிவும் சேர்ந்திருப்பவர்கள் இரும்புச்சத்துக்கு மருத்துவர் தரும் மாத்திரையையும் கீரை, பயறு, மீன், இறைச்சி போன்றவற்றையும் நாடுவதே பொருத்தமானது.

பழம் வேறு, பழச்சாறு வேறு

இனிப்பு இயற்கையானது என்பதைவிட, அது எந்த வடிவில் உடலுக்குள் செல்கிறது என்பதே முக்கியம். ஒரு சாத்துக்குடியைச் சுளை சுளையாகத் தின்னும்போது, அதன் சர்க்கரை நார்ச்சத்தோடும் சதையோடும் பிணைந்திருக்கிறது. மெல்ல வேண்டியிருப்பதால் உண்பதற்கு நேரம் பிடிக்கிறது. செரிமானம் மெதுவாக நிகழ்கிறது. ஒன்றிலேயே வயிறு நிறைந்த உணர்வு வருகிறது. அதையே சாறாகப் பிழிய மூன்று பழங்கள் தேவைப்படும். சக்கை வடிகட்டப்பட்டுவிடும். மூன்று பழங்களின் சர்க்கரையும் ஒரு நிமிடத்தில் தொண்டைக்குள் இறங்கிவிடும். வீட்டிலேயே பிழிந்தாலும், சர்க்கரை சேர்க்காவிட்டாலும் இது மாறுவதில்லை.

அமெரிக்காவில் சுகாதாரப் பணியாளர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த மூன்று பெரிய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றிணைத்து 2013இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், முழுப்பழங்களைக் கூடுதலாக உண்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாகவும், பழச்சாற்றைக் கூடுதலாக அருந்தியவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. ஆகவே ‘பழமே கூடாது’ என்று நோயாளரைத் தடுப்பதும் தவறு. கொய்யா, நாவல், பப்பாளி, ஆப்பிள், சாத்துக்குடி ஆகியவற்றுள் ஒன்றை, நடுத்தர அளவில், உணவோடு சேர்க்காமல் இரு வேளை உணவுக்கு இடையில் உண்ணலாம். மாம்பழமும் முற்றிலும் விலக்கப்பட்டதன்று. இரண்டு மூன்று துண்டுகளோடு நிறுத்துவது யாருக்கும் கடினம் என்பதே அதிலுள்ள சிக்கல். பேரீச்சை, உலர் திராட்சை போன்றவற்றில் நீர் வற்றியிருப்பதால் சிறிதளவிலேயே சர்க்கரை செறிந்திருக்கும்.

பதப்படுத்துதல் அனைத்தும் தீங்கானதா?

அன்று. புழுங்கல் அரிசியே பதப்படுத்தப்பட்ட உணவுதான். நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது, தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊடுருவித் தங்கிவிடுகிறது. தீட்டிய பின்னும் அது எஞ்சி நிற்கிறது. பச்சரிசிக்கு இந்த நன்மை இல்லை. அயோடின் கலந்த உப்பு, வெப்பப்படுத்திக் கிருமி நீக்கிய பால், தயிர், புளித்த இட்லி மாவு ஆகிய அனைத்தும் ஏதேனும் ஒரு முறையில் பதப்படுத்தப்பட்டவையே. ‘இயற்கையானது’ என்று கருதிக் காய்ச்சாத பாலை அருந்துவது, புருசெல்லோசிஸ் உள்ளிட்ட தொற்றுகளுக்கு இடமளிக்கும்.

கவலைக்குரியது வேறொரு வகை. பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேரோவும் அவரது குழுவினரும் 2009 முதல் உருவாக்கிய ‘நோவா’ வகைப்பாடு, உணவுகளை அவை பதப்படுத்தப்படும் அளவையும் நோக்கத்தையும் கொண்டு நான்காகப் பிரிக்கிறது. நான்காவது வகையே மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவு. இல்லத்துச் சமையலறையில் காணப்படாத நிறமிகள், சுவையூட்டிகள், பால்மமாக்கிகள் போன்றவற்றைச் சேர்த்து ஆலையில் உருவாக்கப்படுபவை இவை: குளிர்பானங்கள், கிரீம் பிஸ்கட்டுகள், உடனடி நூடுல்ஸ், பொட்டலச் சிப்ஸ் முதலியன.

இவற்றின் தீங்கு சர்க்கரையோடு முடிவதில்லை என்பதை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் நடந்து 2019இல் வெளியான சோதனை காட்டியது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் குறைந்த அளவே பதப்படுத்தப்பட்ட உணவும் வழங்கினர். தட்டில் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை இரு உணவு முறைகளிலும் சமமாக இருந்தன. விரும்பிய அளவு உண்ணலாம் என்பதே ஏற்பாடு. மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவு வழங்கப்பட்ட காலத்தில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உண்டனர், வேகமாகவும் உண்டனர். இரு வாரங்களில் உடல் எடை சராசரியாக 0.9 கிலோ கூடியது. மற்றைய உணவில் அதே அளவு குறைந்தது. குறைவான பேரைக் கொண்டு குறுகிய காலத்தில் நடந்த சோதனைதான். எனினும், ‘கட்டுப்பாடு இல்லாததால்தான் மிகுதியாக உண்கிறார்’ என்று நோயாளரைக் குறைகூறும் குடும்பத்தினர் இதனை நினைவில் கொள்வது நல்லது. எந்த உணவு வீட்டிற்குள் வாங்கி வைக்கப்படுகிறது என்பதும் உண்ணும் அளவை முடிவு செய்கிறது.

பொட்டலத்தின் பின்பக்கம்

பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரத்துக்கு உரியது. பின்பக்கமே தகவலுக்கு உரியது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, சேர்பொருட்கள் அவற்றின் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட வேண்டும். மொத்தச் சர்க்கரையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் தனித்தனியே குறிப்பிடப்பட வேண்டும். முதல் மூன்று பொருட்களுள் சர்க்கரை, வெல்லம், தேன், லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்னும் பெயர்களுள் ஒன்று இருந்தால், அது இனிப்புப் பண்டம் என்றே கொள்ள வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது சர்க்கரைக் கணக்கில் வராவிட்டாலும் இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தக்கூடியது.

‘வெல்லத்தில் செய்த பிஸ்கட்’, ‘சிறுதானியக் குக்கீஸ்’ போன்ற பொட்டலங்களில் இச்சோதனை இன்றியமையாதது. 2024 ஜூன் மாதத்தில், அடர்சாற்றில் நீர் கலந்து தயாரிக்கும் பானங்களின் மேல் ‘100% பழச்சாறு’ என்று அச்சிடுவதை நீக்குமாறு மேற்கண்ட ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பாலில் கலந்து குடிக்கும் மாவுகளை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் விற்பதை நிறுத்துமாறு இணையவழி விற்பனை நிறுவனங்களுக்கு அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது.

இயற்கை உணவே ஒத்துக்கொள்ளாத நிலைகள்

கேழ்வரகு நல்ல உணவு. ஆனால் அதை நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடிக்கும்போது விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்தும். களி, அடை, ரொட்டி என்று திட வடிவில், காய்கறியும் பருப்பும் சேர்த்து, அளவோடு உண்பது மேல்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இளநீர் ஆபத்தாகலாம். இளநீரிலும் பல பழங்களிலும் வெல்லத்திலும் பொட்டாசியம் மிகுதி. பழுதடைந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற இயலாதபோது இதயத் துடிப்பு சீர்கெடும். நீரிழிவு நீண்டகாலமாக உள்ளவர்கள் கிரியேட்டினின், பொட்டாசியம் அளவுகளை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே இவற்றை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரக் கூடாது. நாவில் தடவும் துளியும் இதில் அடங்கும். தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் விதைத்துகள்கள் குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்யும்.

வெந்தயம், பாகற்காய், நாவல்கொட்டைத் தூள் ஆகியவற்றை உணவாக உட்கொள்வதில் பொதுவாகத் தடையில்லை. அவற்றை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சர்க்கரையே மருந்தாகும் வேளை

இத்தனையும் படித்தபின், வீட்டில் சர்க்கரையே இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடும்பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். குளுக்கோமீட்டரில் 70 மில்லிகிராமுக்குக் குறைவாகக் காட்டினாலும், கருவி கைவசம் இல்லாமல் அறிகுறிகள் மட்டும் தெரிந்தாலும், உடனே 15 கிராம் குளுக்கோஸ் தூளையோ மூன்று தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரையையோ நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகவே வேலை செய்யும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, உயரவில்லை எனில் இன்னொரு முறை அதே அளவு கொடுக்கலாம். சீரானபின் இட்லி, சாதம் போன்ற உணவு ஏதேனும் உண்ணச் செய்ய வேண்டும்.

அகார்போஸ், வாக்லிபோஸ் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு மட்டும் வெள்ளைச் சர்க்கரை உடனடியாகப் பயன்தராது. அம்மாத்திரைகள் சுக்ரோஸ் உடைவதைத் தாமதப்படுத்துபவை. இவர்களுக்குக் குளுக்கோஸ் தூளே கொடுக்க வேண்டும். எனவே மருந்துச் சீட்டில் இப்பெயர்கள் உள்ளனவா என்று பராமரிப்பவர் இன்றே பார்த்து, குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை அனைவரும் அறிந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108 ஆம்புலன்சை உடனே அழைக்கவும்.