குழந்தைகளைக் காத்த ஊர்ப் பெண்கள்

மகாராஷ்டிரத்தில் அகமத்நகர் (இன்று அகில்யாநகர்) மாவட்டத்திலுள்ள ஜாம்கேட் மழை குறைந்த வறட்சிப் பகுதி. வேலூரில் மருத்துவம் பயின்ற டாக்டர் ரஜனிகாந்த் அரோலே, டாக்டர் மேபல் அரோலே தம்பதியர் 1970-ல் இங்கு பணி தொடங்கினர். 1971-ல் அக்கிராமங்களில் பிறந்த 1000 குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன.

மக்கள் முதலில் கேட்டது மருந்தை அல்ல, குடிநீரையும் உணவையும்தான். விவசாயிகள் சங்கங்கள் அமைந்தன. கைப்பம்புகள் போடப்பட்டன. குழந்தைகளுக்குச் சமைத்து வழங்கும் வேலையில் ஊரும் பங்கேற்றது.

அடுத்து ஒவ்வொரு கிராமமும் தன் ஊர்ப் பெண் ஒருவரைச் சுகாதாரப் பணிக்குத் தேர்ந்தெடுத்தது. இவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். வாரந்தோறும் பயிற்சி பெற்று, பிரசவம் பார்க்கவும், குழந்தையை எடை போடவும், வயிற்றுப்போக்குக்குக் கரைசல் தயாரிக்கவும் கற்றனர். கற்றதை வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்தனர். 1996-ல் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 26 ஆகக் குறைந்தது.

அந்தக் கரைசலை எவரும் தயாரிக்கலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கவும். உப்பு கூடக்கூடாது. குழந்தைக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கண் குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை குடிக்க மறுத்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.