இதய நோய் சிகிச்சையில் செயற்கை நுண்ணறிவு: நிமிடங்களை மிச்சப்படுத்தும் கருவி, முடிவு மருத்துவரிடமே

உதியன்குளங்கரை: கேரள - தமிழக எல்லையை ஒட்டி, நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் உதியன்குளங்கரை. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இத்தகைய எல்லையோர ஊர்களில், நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி ஏற்பட்டால் முதலில் அணுகக்கூடியது அருகிலுள்ள சிறிய மருத்துவமனையே. அங்கு எடுக்கப்படும் இசிஜி பதிவை உடனே சரியாகப் படித்துச் சொல்ல இதய நோய் நிபுணர் எல்லா நேரமும் இருப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் கருவியாகவே செயற்கை நுண்ணறிவு இன்று முன்வைக்கப்படுகிறது. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்து கொள்வது அவசியம்.

கேரள ஆய்வு சொல்வது என்ன?

2007 முதல் 2009 வரை கேரளத்தின் 125 மருத்துவமனைகளில், மாரடைப்பு உள்ளிட்ட தீவிர இதயத் தமனி பாதிப்புகளுடன் அனுமதிக்கப்பட்ட 25,748 பேரின் விவரங்கள் தொகுக்கப்பட்டன. அவர்களில் 37 சதவீதத்தினருக்கு, இசிஜியில் 'எஸ்டி' பகுதி உயர்ந்து காணப்படும் கடுமையான மாரடைப்பு இருந்தது. பெரும்பாலும் இதயத் தமனி முற்றிலும் அடைபடுவதால் ஏற்படும் இவ்வகையில், மருத்துவமனையிலேயே உயிரிழந்தோர் 8.2 சதவீதம்.

அறிகுறி தோன்றி 6 மணி நேரத்துக்கும் மேல் தாமதித்து வந்தவர்களுக்கு உயிரிழப்பு அபாயம் இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. மாறாக, மருத்துவமனையை அடைந்த 30 நிமிடங்களுக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து பெற்றவர்களுக்கு அந்த அபாயம் பாதிக்கும் கீழே குறைந்தது.

மற்றொரு தகவலும் கவனிக்கத்தக்கது. இந்த ஊசி மருந்து எஸ்டி உயர்வு மாரடைப்புக்கு உரியது. ஆனால் எஸ்டி உயர்வு இல்லாத மாரடைப்பு நோயாளிகளில் 19 சதவீதத்தினருக்கும், மாரடைப்பாக மாறாத நெஞ்சுவலியுடன் வந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கும் அது செலுத்தப்பட்டிருந்தது. தேவையற்ற இடத்தில் இம்மருந்தைப் பயன்படுத்தியதும் உயிரிழப்பு அபாயத்தை உயர்த்தியது. அதாவது, இசிஜியை விரைவாகப் படித்தால் மட்டும் போதாது. சரியாகவும் படிக்க வேண்டும்.

இயந்திரம் எவ்வாறு உதவுகிறது?

மருத்துவர்கள் ஏற்கெனவே படித்து முடிவு கூறிய பல ஆயிரம் இசிஜி பதிவுகளைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. புதிய பதிவு வந்ததும், அதன் அலை வடிவத்தைக் கற்ற வடிவங்களுடன் ஒப்பிட்டு, அவசர சிகிச்சை தேவைப்படுமா என்பதை அது நொடிகளில் சுட்டிக்காட்டுகிறது.

பெங்களூருவைச் சேர்ந்த டிரைகாக் நிறுவனம் இம்முறையைப் பயன்படுத்தி வருகிறது. சிறிய மருத்துவமனையில் எடுக்கப்படும் இசிஜி இணையம் வழியே அனுப்பப்படுகிறது. மென்பொருள் அதை வகைப்படுத்துகிறது. மருத்துவர்கள் சரிபார்த்த பின்னர் சில நிமிடங்களில் அறிக்கை திரும்பி வருகிறது.

மனிதக் கண்ணுக்குப் புலப்படாத மாற்றங்களையும் இயந்திரம் கண்டறிவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவின் மயோ கிளினிக் 22,641 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், இதயத்தின் பம்பு செய்யும் திறன் குறைந்திருப்பதைக் கண்டறியும் விகிதம் 1.6 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாக உயர்ந்தது. இதற்குப் பயன்பட்டது வழக்கமான இசிஜி பதிவுதான்.

தமிழ்நாடு கற்றுத்தந்த பாடம்

ஆனால் கருவி மட்டும் உயிரைக் காப்பாற்றாது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்து, இசிஜியைத் தொலைவிலிருந்து அனுப்பி, ஆம்புலன்ஸ் மூலம் நோயாளிகளை மாற்றும் திட்டம் இங்கு சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகள் இடம்பெற்ற இதன் முடிவுகள் 2017இல் வெளியாயின. ஓராண்டுக்குள் நேரும் உயிரிழப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. இந்த வெற்றியின் அடிப்படை, தகவலும் வாகனமும் சிகிச்சை மையமும் ஒரே சங்கிலியாக இணைக்கப்பட்டதே. செயற்கை நுண்ணறிவு இச்சங்கிலியின் ஒரு கண்ணியை விரைவுபடுத்தலாம். மற்ற கண்ணிகள் அறுந்திருந்தால் அந்த வேகத்தால் பயனில்லை.

எங்கே எச்சரிக்கை தேவை?

மாரடைப்பின் தொடக்கத்தில் இசிஜி இயல்பாகவே தோன்றக்கூடும். எனவே இயந்திரம் 'இயல்பு' என்று கூறினாலும், வலி தொடர்ந்தால் மீண்டும் இசிஜி எடுப்பதும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்வதும் இன்றியமையாதவை. மார்பில் மின்முனைகளை இடம் மாற்றிப் பொருத்தினாலும் முடிவு தவறாகலாம். வெளிநாட்டினரின் தரவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருளை நம் மக்களிடம் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகளும் மனித மேற்பார்வையையும், நோயாளியின் தரவுப் பாதுகாப்பையும் வலியுறுத்துகின்றன.

இசிஜி வசதியுள்ள கைக்கடிகாரங்கள் குறித்தும் தெளிவு தேவை. சீரற்ற இதயத் துடிப்பைக் கண்டறிய அவை உதவலாம். மாரடைப்பைக் கண்டறிய அவை ஏற்றவை அல்ல. கடிகாரம் எதையும் காட்டவில்லை என்று வீட்டிலேயே காத்திருப்பது ஆபத்தானது.

பொதுமக்கள் செய்ய வேண்டியது

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றை வாயுத் தொல்லை என்று ஒதுக்கக் கூடாது. பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் வலி இன்றி, சோர்வு, குமட்டல் போன்ற அறிகுறிகள் மட்டுமே தோன்றலாம். உடனடியாக 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் இதே எண்தான். மருத்துவமனையை அடைந்த 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்கப்பட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். அதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

இசிஜியைப் படிக்கும் நேரத்தை இயந்திரம் குறைத்துத் தரும். ஆனால் வலி தொடங்கிய நொடிக்கும் மருத்துவமனை வாசலுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறைப்பது, நோயாளி மற்றும் அவரது குடும்பத்தினரின் கையில்தான் உள்ளது.