தந்தை பின்னும் குல்லாய்

மார்கழித் திங்களில் கொள்ளிடக் கரையிலும் காவிரிப் படுகையிலும் வெண்பனி இறங்குகிறது. கர்த்தர் பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலிக்கு வரும் தாய்மார், கைக்குழந்தைகளுக்குக் காதை மூடும் குல்லாய் அணிவித்தே கொண்டு வருகின்றனர். பெரும்பாலும் அது கடையில் வாங்கியது. அதனை வீட்டில் பின்னக்கூடியவர் யார் என்று கேட்டால், எல்லாரும் பெண்களையே நோக்குவர். நீதிமொழிகள் ஆகமமும் கம்பளியும் சணலும் கொண்டு உழைக்கும் குணவதியைப் போற்றுகிறதன்றோ!

ஆனால் தென் அமெரிக்காவின் ஆந்தீஸ் மலைநாட்டில் நிலைமை வேறு. பெரு, பொலிவியா நாடுகளின் மலைவாழ் மக்கள் அல்பாக்கா என்னும் விலங்கின் உரோமத்தால், இரு செவிகளின்மேலும் மடல் தொங்கும் குல்லாயைப் பின்னுகின்றனர். 'சுல்யோ' என்பது அதன் பெயர். ஊசிப் பின்னல் அங்கே 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரோடு வந்தது. குழந்தையின் முதல் குல்லாயைத் தந்தையே தம் கையால் பின்னித் தருவது அம்மக்களின் மரபு.

ஏறக்குறைய 12,500 அடி உயரத்திலுள்ள தித்திகாக்கா ஏரியில் தக்கீலே என்றொரு தீவு உண்டு. அங்குள்ள குல்லாய்க்குச் செவிமடல் இல்லை, நீண்டு தொங்கும். அதனைப் பின்னுவோர் ஆடவரே. சிறுவர் இளமையிலேயே கற்கின்றனர். மணமானவர் அணிவது முழுச் சிவப்பு. மணமாகாதவர் குல்லாயின் மேற்பகுதி வெள்ளை. மணம் பேசும் இளைஞன் பின்னிய குல்லாயில் நீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பெண்ணின் தந்தை சோதிப்பதும் உண்டு என்பர். இத்தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் மனித குலத்தின் அரும்பேறாக அறிவித்தது.

நம் ஆடவர்க்கு இது இயலாததா? நாகப்பட்டினக் கடற்கரையில் வலையின் கண்ணிகளைப் பின்னுவோர் யார்? களத்து மேட்டில் வைக்கோற்பிரி முறுக்குவோர் யார்? அதே விரல்கள் குல்லாயும் பின்னும்.

செய்முறை எளிது. ஓர் அங்குலத்திற்கு 5 கண்ணிகள் விழும் நூலாயின், ஒரு வயதுக் குழந்தைக்கு 80 கண்ணிகள் போதும். முதலில் செவிமடல்கள். 4 கண்ணிகளில் தொடங்கி, ஒன்றுவிட்ட வரிசைதோறும் இரண்டிரண்டாகக் கூட்டி 18 ஆக்குக. இரு மடல்களுக்கும் இடையே முன்புறம் 26, பின்புறம் 18 கண்ணிகள் சேர்த்து வட்டமாக இணைத்து, நான்கு அங்குல உயரம் பின்னுக. பின்னர் ஒன்றுவிட்ட சுற்றுதோறும் எட்டெட்டாகக் குறைத்து, எஞ்சும் 8 கண்ணிகளில் நூலைக் கோத்து இறுக்குக. கம்பளி உறுத்தினால் பருத்தி நூல் நன்று. குழந்தை உறங்கும்போது குல்லாயைக் கழற்றிவிடுக. கழுத்தில் கயிறு கட்டற்க.

தந்தையரே, திருவருகைக் காலம் நான்கு வாரங்கள். சம்பா நடவு முடிந்து, தை அறுவடைக்குக் காத்திருக்கும் நாட்கள் அவை. அம்மாலைகள் தேநீர்க் கடையிலும் மதுக்கடையிலும் கழிவதை எத்தனை இல்லங்கள் கண்ணீரோடு அறியும்! விளக்கடியில் தந்தை ஊசியும் நூலுமாக அமர்ந்திருக்க, பிள்ளைகள் சூழ்ந்து கண்ணி எண்ணும் வீட்டில் குடும்ப செபத்திற்கு ஒருவரையும் தேடி அழைக்க வேண்டியதில்லை. கைத்தொழிலால் திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பரை நினைந்து, இவ்வாண்டு நும் குழந்தையின் குல்லாயை நீரே பின்னத் தொடங்குவீராக.