வரைபடத்தில் இல்லாத வீட்டுக்கு வண்டி எப்படி வரும்?



 வழக்கமாக இப்பக்கத்தில் ஒரு நோயைப் பற்றியோ ஒரு சிகிச்சையைப் பற்றியோ எழுதுவோம். இம்முறை வரைபடங்களைப் பற்றி எழுத விரும்புகிறோம். மருத்துவமனைக்கும் வரைபடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். வல்லத்திராக்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாழ்கிறவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

பாம்பு கடித்தவருக்கும், பிரசவ வலி கண்ட தாய்க்கும், நெஞ்சு வலியால் துடிக்கும் முதியவருக்கும் மருந்துக்கு முன்னே தேவைப்படுவது வழி. ஆம்புலன்ஸ் பெரிய சாலை வரை வந்துவிடும். அதன்பின், "தைலமரக் காட்டைத் தாண்டி, கண்மாய்க் கரையில் திரும்பி, முந்திரித் தோப்புக்குப் பின்னால் நாலாவது வீடு" என்று தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே நேரம் போய்விடும். இரவு நேரமானால் தைலமரக் காடு எது, முந்திரித் தோப்பு எது என்று வெளியூர் ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? ஊரின் பெயரைக்கூட ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதுவதால், கைபேசியில் தேடும்போது சில வேளை அதுவும் அகப்படுவதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கக்கூடிய சில கருவிகள் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன, அவற்றால் எது முடியும், எது முடியாது என்பதை எளிய முறையில் விளக்க முயலுகிறோம்.

ஐதராபாத்தில் கூடிய மாநாடு

2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் 14 வரை ஐதராபாத் நகரில் ஐக்கிய நாடுகளின் உலகப் புவிசார் தகவல் மாநாடு நடைபெற்றது. 2018-இல் சீனாவில் நடந்ததற்குப் பின் இது இரண்டாவது மாநாடு. நில அளவைத் துறையினரும், செயற்கைக்கோள் அறிஞர்களும், வரைபட மென்பொருள் செய்யும் நிறுவனத்தாரும் பல நாடுகளிலிருந்து வந்து கூடினார்கள். உலகத்தை ஒரே கிராமமாக எண்ணி, அதில் ஒருவரும் விடுபட்டுப் போகாதபடி இந்த அறிவைப் பயன்படுத்த வேண்டும் என்பதே மாநாட்டின் கருப்பொருளாக இருந்தது.

'புவிசார் தகவல்' என்ற சொல் பெரிதாகத் தோன்றினாலும் பொருள் எளியது. ஒரு செய்தியோடு அது எந்த இடத்துக்கு உரியது என்பதையும் சேர்த்து எழுதி வைத்தால் அது புவிசார் தகவல். "ஒரு கிணறு" என்பது செய்தி. "இந்த இடத்தில் ஒரு கிணறு" என்பது புவிசார் தகவல். கிணறு, சாலை, பள்ளி, மருத்துவமனை என்று ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க உதவுவதே வரைபட மென்பொருள். எந்தக் குடியிருப்பிலிருந்து மருத்துவமனை மிகத் தொலைவில் இருக்கிறது என்பதை அது ஒரு நொடியில் காட்டிவிடும்.

அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றுள் ஒன்று, 2020 ஏப்ரல் 24 அன்று மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வாமித்வா' திட்டம். ட்ரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானத்தைக் கிராமத்துக்கு மேலே பறக்கவிட்டுப் படமெடுத்து, குடியிருப்புகளின் எல்லைகளை வரையும் திட்டம் இது. மாநாடு முடிந்து சில வாரங்களில், 2022 டிசம்பர் 28 அன்று, தேசியப் புவிசார் கொள்கை அரசிதழில் வெளியாயிற்று. 2030-க்குள் நாட்டின் நகரங்களையும் கிராமங்களையும் 5 முதல் 10 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் அளந்து வரைய வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. அதாவது, ஒரு கையகல அளவுள்ள பொருளும் படத்தில் தெரியவேண்டும்.

சங்கிலியால் அளந்த காலம்

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று அறிய, நம் நாட்டின் பழைய சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்பவர் இரும்புச் சங்கிலியால் தரையை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்த பெரும் பணி அங்கிருந்துதான் துவங்கிற்று. கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி ஏறக்குறைய அரை டன் எடை. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாததால் கோவில் கோபுரங்களின்மேல் அதை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலில் ஏற்றும்போது அது மோதிச் சேதமடைந்தது. லாம்டன் பல வாரங்கள் உழைத்து அதைத் தம் கையாலேயே சீர்ப்படுத்தினார்.

அந்நாளில் ஒரு மலைக்கும் ஒரு கோபுரத்துக்கும் இடையே அளக்கப் பல நாட்கள் பிடித்தன. இன்று அதே நிலப்பரப்பை ஒரு செயற்கைக்கோள் சில நொடிகளில் படம் பிடிக்கிறது.

கூரையைப் பார்க்கும் கம்ப்யூட்டர்

படம் கிடைத்துவிட்டால் போதாது. அதில் எது வீடு, எது வைக்கோற்போர், எது பாறை என்று பிரித்தறிய வேண்டும். முன்பு இதை மனிதர் உட்கார்ந்து பார்த்துக் குறித்தார்கள். இப்போது கம்ப்யூட்டருக்கே கற்றுக்கொடுக்கிறார்கள். கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஆப்பிரிக்காவின் வான்படங்களில் மனிதர் கையால் குறித்துக் காட்டிய சுமார் 17.5 லட்சம் கட்டடங்களைக் கம்ப்யூட்டருக்குப் பாடமாக வைத்தனர். பாடம் கற்ற கம்ப்யூட்டர் மற்றக் கட்டடங்களைத் தானே கண்டுபிடித்தது. 2021-இல் ஆப்பிரிக்காவுக்கு வெளியான இத்தொகுப்பு, 2023-இல் நம் தெற்காசியாவையும் சேர்த்து 180 கோடிக் கட்டட உருவங்களைக் கொண்டதாக வளர்ந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஆனால் இந்தத் தொகுப்பில் இருப்பது கட்டடத்தின் உருவமும் இருப்பிடமும் மட்டுமே. அது வீடா, ஆலயமா, மாட்டுக் கொட்டகையா என்று அதில் இல்லை. தெருவின் பெயர் இல்லை. மரநிழலில் மறைந்த ஓலைக் கூரை கம்ப்யூட்டரின் கண்ணுக்குத் தப்பிவிடவும் கூடும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வண்டி போகுமா, சேற்றில் சிக்குமா என்பதை வானத்திலிருந்து சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தக்கவர் அந்த ஊரில் குடியிருப்பவர் ஒருவரே.

வேதத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. இஸ்ரவேலில் ஏழு கோத்திரத்தார் தங்கள் பங்கைப் பெறாமல் இருந்தபோது, யோசுவா கோத்திரத்துக்கு மூன்று பேராகத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்களைத் தேசத்தை நடந்து பார்த்து எழுதிவரும்படி அனுப்பினார் (யோசுவா 18). பங்கு கிடைக்காதவர்களுக்குப் பங்கு கொடுப்பதற்கு முன், யாரோ ஒருவர் நடந்து போய்ப் பார்த்து எழுதவேண்டியிருந்தது. இன்றும் அது மாறவில்லை.

நடந்து பார்த்து எழுதுகிறவர்கள்

2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் வரைபடம் இப்படித்தான் உருவாயிற்று. சாதாரண மக்கள் தங்கள் ஊரின் சாலை, கிணறு, பள்ளி ஆகியவற்றைத் தாங்களே குறிக்கிறார்கள். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டில் நிலநடுக்கம் வந்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் வான்படங்களைப் பார்த்துத் தலைநகரின் தெருக்களைச் சில நாட்களிலேயே வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் பணியினர் அதைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள். 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோதும் அவ்வாறே செய்தார்கள். அதே ஆண்டில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பும் அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும் வேறு சிலரோடு சேர்ந்து, வரைபடத்தில் இடம்பெறாத ஏழை மக்களின் ஊர்களை வரைவதற்கென்றே ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கின.

நம் மாவட்டத்தில் இதன் அவசியத்தை 2018 நவம்பர் 16 அன்று கண்டோம். கஜா புயல் அடித்து ஓய்ந்த காலையில் தென்னைகள் சாலைகளின் குறுக்கே கிடந்தன. மின்கம்பங்கள் சாய்ந்தன, கைபேசிகள் ஊமையாயின. பெரிய சாலையோர ஊர்களுக்கு உதவி முதலில் வந்தது. உள்ளே தள்ளியிருந்த குடியிருப்புகள் காத்திருந்தன.

டிஜிபின் என்றால் என்ன?

1972 ஆகஸ்ட் 15 முதல் நாம் பயன்படுத்தும் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணாகிய பின்கோடு உங்களுக்குத் தெரியும். ஒரு பின்கோடு பல ஊர்களுக்கும் பொதுவானது. அது வீட்டைக் காட்டாது. 2025 மே 27 அன்று அஞ்சல் துறை 'டிஜிபின்' என்ற ஒன்றை அறிமுகம் செய்தது. ஐதராபாத் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து இதை உருவாக்கின.

இது வேலை செய்யும் முறை சிறுவர் கோலம் போடுவதைப் போன்றது. இந்தியா முழுவதையும் அடக்கிய ஒரு பெரிய சதுரத்தை நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்து அல்லது எண். உங்கள் வீடு இருக்கும் கட்டத்தை மறுபடியும் பதினாறாகப் பிரிக்கிறார்கள். இப்படிப் பத்து முறை செய்தால், பக்கத்துக்குச் சுமார் 4 மீட்டர் அளவுள்ள ஒரு சிறு கட்டம் வரும். அது ஓர் அறையின் அளவு. அதன் பெயர் பத்துக் குறிகள் கொண்ட ஒரு சொல். எளிதில் குழப்பிவிடக்கூடிய பூஜ்யத்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு, 2 முதல் 9 வரையுள்ள எண்களையும் எட்டு ஆங்கில எழுத்துக்களையும் மட்டுமே எடுத்திருக்கிறார்கள்.

இது வெறும் கணக்கே ஆனபடியால், இணையம் இல்லாத இடத்திலும் கைபேசி இதைக் கணக்கிட முடியும். உங்கள் பெயரோ குடும்ப விவரமோ இதில் இல்லை. பழைய முகவரிக்குப் பதிலாக வந்ததும் அல்ல. அதற்குத் துணையாக வந்தது.

ஓர் எச்சரிக்கையும் ஒரு வேண்டுகோளும்

வரைபடம் ஆளைத் தேடி உதவி கொண்டுபோகவும் செய்யும், ஆளைக் காட்டிக் கொடுக்கவும் செய்யும். காசநோயோ தொழுநோயோ எய்ட்ஸோ உள்ளவரின் வீட்டை ஊரார் பார்க்கும் வரைபடத்தில் குறித்துவிட்டால், அந்தக் குடும்பம் அங்கே எப்படி வாழும்? எனவே சாலையும் கிணறும் எல்லாருக்கும் பொது. நோயாளியின் இருப்பிடம் மருத்துவர் அறையோடு நிற்கவேண்டும் என்பதே எங்கள் நிலை.

பிரியமானவர்களே, இந்த ஊழியத்துக்காக நீங்கள் காணிக்கை அனுப்புகிறீர்கள், ஜெபிக்கிறீர்கள். இம்முறை பணம் செலவாகாத ஓர் உதவியைக் கேட்கிறோம். அஞ்சல் துறையின் டிஜிபின் இணையப் பக்கத்தில் உங்கள் வீட்டின் குறியைப் பாருங்கள். கிராமத்தில் தனித்திருக்கும் உங்கள் பெற்றோரின் வீட்டுக்கும், உங்கள் ஆலயத்துக்கும் பாருங்கள். அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். அதன்கீழே பெரிய சாலையிலிருந்து வரும் வழியைத் தமிழில் இரண்டு வரியாக எழுதுங்கள்: எங்கே திரும்புவது, வண்டி எதுவரை வரும், மழையில் எந்தப் பாதை உதவாது. வலியால் நாக்கு உலர்ந்தவர் வழி சொல்லமாட்டார். பக்கத்து வீட்டுச் சிறுபிள்ளை அந்தத் தாளைப் பார்த்து வாசித்துவிடும்.

உங்கள் சபை வாலிபருக்குக் கைபேசியில் நல்ல பழக்கம் உண்டு. ஒரு ஞாயிறு மாலை அவர்களைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊரை நடந்து பாருங்கள். வரைபடத்தில் பெயரில்லாமல் கிடக்கும் தெருவுக்குப் பெயரையும், அடிகுழாய்க்கும் சத்துணவுக் கூடத்துக்கும் குறியையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஊரின் கடைசி வீடு வரை போங்கள். பெரும்பாலும் விடுபட்டுப் போவது அந்த வீடுதான்.