வெள்ளவத்தைக்கு வந்து சேராத கள்

வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளில் பனங்கட்டி, ஒடியல், பனாட்டு எல்லாம் வாங்குகிறேன். புதுக் கள்ளின் சுவைக்கு மட்டும் ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. காரணம் மதுவம்.

பாளையிலிருந்து முட்டிக்குள் சொட்டும்போதே மதுவம் சீனியை மதுசாரமாக்கத் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அது தடைப்படும், கிடைப்பது கருப்பநீர். பூசாவிட்டால் கள். நாள் கழிந்தால் புளித்து வினாகிரியாகும். போத்தலில் அடைப்பதற்குச் சூடாக்கி நொதிப்பை நிறுத்த வேண்டும். அதோடு சுவையும் மாறிவிடும்.

அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்ச 1978இல் கூட்டரசுச் சட்டம் இடமளித்தது. அதன் பின்னர் சிறு மதுவடிப்பாலைகள் பெருகி, போர்ட்லாந்து, டென்வர், சான் டியாகோ என ஊருக்கொரு பெயர் உண்டானது. நமக்கு அந்த வேறுபாட்டை மரமே தந்திருக்கிறது: வடக்கில் பனை, வாதுவை, களுத்துறைக் கரையில் தென்னை, மலைப்பகுதிகளில் கித்துள். களுத்துறையில் மரத்துக்கு மரம் கயிற்றில் நடந்து போகிறார்கள். அங்கே இறக்கும் கள்ளில் பெரும்பகுதி சாராயமாகிறது. பனையிலோ ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டும்.

பியருக்கு வேண்டிய மோல்ட்டும் ஹொப்ஸும் கப்பலில் வரும். கள்ளுக்கு மரமேறும் ஆள் வேண்டும். சீவல் தொழிலாளரைச் சாதி சொல்லி இழிவுபடுத்திய சமூகம் நாங்கள். அவர்களுடைய பிள்ளைகள் மரமேற மறுத்தால் குறை சொல்ல எமக்கு உரிமையில்லை. கள்ளின் சுவை நிலைக்க வேண்டுமென்றால், முதலில் அந்தத் தொழிலுக்கு மரியாதையும் பாதுகாப்பும் நியாயமான வருமானமும் வேண்டும்.