அரியலூர்க் கடலுக்கு 210 படத்தாள்கள்

அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களின் கடல்படிவுப் பாறைகளில் பெரும்பகுதி சுமார் 11 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகள் வரை பழைமையானது. அவற்றிலுள்ள மெல்லுடலிகளின் புதைபடிவங்களை விவரித்துப் பெயரிட எத்தனை பக்கங்கள் ஆயின?

முதல் கணக்கு சிறியது. கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் திரட்டியவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்தார்: 78 பக்கம், 13 படத்தாள். சிவன், பிரம்மா, இந்திரன், சூரியன் என்று அம்மோனைட்டுகளுக்கு (சுருண்ட ஓடுடைய, அழிந்துபோன தலைக்காலிகள்) பெயர் சூட்டியவர் இவரே.

அடுத்து இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தொகுதிகள், 1861 முதல் 1871 வரை. தலைக்காலிகளுக்கு 216 பக்கம், 94 படத்தாள். சங்கு, நத்தை இனங்களுக்கு 497 பக்கம், 28 படத்தாள். இருவோட்டுச் சிப்பிகளுக்கு 537 பக்கம், 50 படத்தாள். மொத்தம் 1,250 பக்கம், 172 படத்தாள். முதல் 40 பக்கமும் 25 படத்தாளும் எச்.எஃப். பிளான்ஃபோர்டுடையவை. எஞ்சிய 1,210 பக்கமும் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற ஒருவரின் உழைப்பு. 1863 முதல் 9 ஆண்டுகளுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 134 பக்கம். இடையே 1864, 1865இல் இமயமலைக் களப்பணியும் செய்தார்.

படத்தாள் ஒன்றுக்கான பக்கங்கள்தான் கவனிக்கத்தக்கவை: தலைக்காலிகளுக்கு 2.3, சிப்பிகளுக்கு 10.7, சங்குகளுக்கு 17.8. அம்மோனைட்டுக்குப் பக்கவாட்டுத் தோற்றம், விளிம்புத் தோற்றம், அறைச்சுவர் ஓட்டைத் தொடும் வளைந்து நெளிந்த கோடு என 3 படமாவது வேண்டும், உருவமும் பெரிது. சிப்பித் தொகுதியிலோ அன்று அறியப்பட்டிருந்த எல்லாப் பேரினங்களையும் ஸ்டோலிச்கா மீளாய்வு செய்தார். ஆகவே அந்த 537 பக்கமும் தென்னிந்தியச் செலவு அல்ல.

பெயர் வைத்ததோடு கணக்கு முடியவில்லை. ஃபிரான்ஸ் காஸ்மத் 1895-98இல் இதே தலைக்காலிகளை மறுபடி ஆராய்ந்து 217 பக்கம், 25 படத்தாள் வெளியிட்டார். ஸ்டோலிச்கா தலைக்காலிகளுக்குச் செலவிட்ட 176 பக்கத்தைவிட இது 23% அதிகம். படத்தாளோ அவருடைய 69இல் 36% மட்டுமே. திருத்துவதற்குப் படத்தைவிட வாதமே அதிகம் தேவைப்பட்டது போலும். ஸ்டோலிச்கா ‘அம்மோனைட்ஸ் தியோபால்டியானஸ்’ என்று 1865இல் பெயரிட்டது, 1901 முதல் காஸ்மத்தின் பெயர் தாங்கிய ‘காஸ்மதிசெராஸ்’ பேரினத்தின் மாதிரி இனம்.

இந்தத் திருத்தங்களைப் பார்க்க ஸ்டோலிச்கா இல்லை; 1874இல் லடாக்கில் 36 வயதில் இறந்தார்.

இந்தப் பாறைகளைச் சேர்ந்த காரைக் களிமண்ணில் கிடைத்த மெல்லுடலிப் புதைபடிவம் ஒன்றைப் புதிய இனம் என்று இன்று அறிவிக்க நினைப்பவர், அதற்குமுன் குறைந்தது 13 + 172 + 25 = 210 படத்தாள்களைப் புரட்டியாக வேண்டும்.