விரிவுரை மண்டபத்தில் ஒரு கேள்வி



பல்கலைக்கழக வகுப்பு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் காட்சி ஒன்றுதான். மேடையில் விரிவுரையாளர் பேசுகிறார். எதிரே 200 மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பாடம் முடிகிறது. அவர் தெளிவாகத்தான் பேசினார். ஆனால், கேட்டவர்களுக்கு அது விளங்கியதா? இதைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிப்பவர் பேராசிரியர் எரிக் மசூர். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளையும் தேர்வில் செய்து முடித்தார்கள், ஆசிரியரையும் பாராட்டினார்கள். இருந்தும் 1990ஆம் ஆண்டில், அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் எளிய வினாக்களை அவர் கொடுத்தபோது பலர் தடுமாறினர்.

அத்தகைய வினா ஒன்றைப் பார்ப்போம். பாரமான லாரி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் மோதிக்கொள்கின்றன. எது மற்றதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது? லாரிதான் என்று நம்மில் பலர் சொல்வோம். இரண்டும் சமம் என்பதே சரியான விடை. கார் நொறுங்குவதற்குக் காரணம், அதன் நிறை குறைவு. அதே விசை அதன் வேகத்தை மிகுதியாக மாற்றிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாகச் சொல்லும் மாணவரும் இங்கே தவறுகிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா?

மசூர் 1991இல் தம் முறையை மாற்றினார். மாணவர்கள் பாடத்தை முன்னதாகவே படித்து வரவேண்டும். வகுப்பில் சிறிது நேர விளக்கத்திற்குப் பின் ஒரு கேள்வி எழும். ஒவ்வொருவரும் தனியே சிந்தித்து விடையைத் தெரிவிக்க வேண்டும். விடைகள் பலவாறாகப் பிரிந்திருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதிட வேண்டும். பிறகு மீண்டும் விடை. இறுதியில் ஆசிரியரின் விளக்கம்.

சக மாணவரின் விளக்கம் ஏன் பயன் தருகிறது? ஆசிரியர் அந்தக் கருத்தைக் கற்று நெடுங்காலம் ஆகிவிட்டது; எந்த இடத்தில் இடறும் என்பதை அவர் மறந்திருக்கலாம். இப்போதுதான் தெளிந்த மாணவருக்கோ அந்த இடம் நன்றாக நினைவிருக்கும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நான்கு வண்ண அட்டைகள் போதும். கையை உயர்த்தச் சொன்னால் பிறரைப் பார்த்து உயர்த்துவார்கள். அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்தால் சொந்த விடை வெளிப்படும்.

இம்முறை அறிவியலுக்கு மட்டும் உரியதன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இயங்கி வருகிறது. அத்தகைய துறையில் சங்கப் பாடல் ஒன்றைக் கூற்றுக் குறிப்பை நீக்கிக் கொடுத்துப் பார்க்கலாம். பேசுபவள் தலைவியா, தோழியா, செவிலியா? பாட்டிலிருந்தே சான்று காட்ட வேண்டும் என்றால், மாணவர்கள் ஒவ்வொரு சொல்லையும் ஊன்றிப் படிப்பார்கள்.

பலன் உண்டா? அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேர் தோல்வியுற்றனர். மாணவர்கள் தாமே ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் அது 22 ஆகக் குறைந்தது. அந்தப் பன்னிரண்டு பேருக்குப் பின்னே பன்னிரண்டு குடும்பங்களின் நம்பிக்கை இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. 2019இல் ஹார்வர்டில் நடந்த ஆய்வில், ஈடுபட்டுக் கற்றவர்கள் சோதனையில் அதிகப் புள்ளிகள் பெற்றார்கள். ஆயினும் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே எண்ணினார்கள். சிந்திக்கும் சிரமத்தை அறியாமை என்று கருதிவிட்டார்கள். ஆகவே, தடுமாற்றமும் கற்றலின் ஒரு பகுதியே என்பதை ஆசிரியர் முதல் நாளிலேயே எடுத்துச் சொல்வது நலம். வீட்டில் பிள்ளைகள் பாடம் கடினமாக இருக்கிறதென்று சொல்லும்போது, நாமும் அதையே நினைவூட்டுவோம்.